முதன்முதலாக மென்டர் ஆகிறவர்களுக்கு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை உங்களிடம் ஒப்படைத்து, "இனி இவருக்கு நீங்கள்தான் மென்டர்" என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் படித்த கல்லூரியே இறுதியாண்டு மாணவர்கள் இருவருக்கு வழிகாட்ட உங்களை அழைத்திருக்கலாம். பத்து ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியர் என்பதால், புதிதாக வந்த ஆசிரியரைக் கவனித்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கலாம். பொறுப்பைத் தருகிறவர்கள் அதை எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. வேலை தெரிந்தவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு திறமைகள். இரண்டாவதையும் பழகித்தான் பெற வேண்டும்.

கற்றலைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டு சொன்னவை ஏராளம். அவற்றில் ஒரு மென்டருக்கு நாளை காலையிலேயே கைகொடுக்கக் கூடியவற்றை மட்டும் எடுத்து, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே வைத்திருக்கிறேன். ஒரு நிலைப்பாட்டோடுதான் எழுதுகிறேன்: நல்ல மென்டர் கற்பவரைத் தன்மீது சாய்த்துக்கொள்பவர் அல்லர். கற்பவர் அடுத்த அடியைத் தானே எடுத்து வைக்கத் தேவையான அளவு உதவிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிற்பவர்.

அந்தப் பெயருக்கு உரியவர்

டிராய் போருக்குக் கிளம்பும் இதாக்கா மன்னன் ஒடிசியஸ், தன் வீட்டுப் பொறுப்பை மென்டர் என்ற நண்பரிடம் விட்டுச் செல்வதாகப் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் 'ஒடிஸி' காப்பியம் சொல்கிறது. இருபதாம் ஆண்டு வந்தும் மன்னன் திரும்பவில்லை. அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அரண்மனையிலேயே பழிகிடந்து, ஆடுமாடுகளை அடித்துத் தின்று சொத்தைக் கரைக்கிறார்கள். மென்டர் ஊர்ச் சபையில் எழுந்து மக்களைக் கடிந்து பேசுகிறார்; பலன் இல்லை. மனித மென்டர் காப்பியத்தில் செய்வது ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று நாம் அந்தப் பெயரோடு சேர்த்து நினைக்கும் காரியங்களை எல்லாம் செய்தவள், அவருடைய உருவத்தில் வந்த அதீனா தேவி.

அவள் செய்ததை உற்றுப் பார்க்க வேண்டும். தந்தையைப் பற்றி விசாரிக்கக் கடல் கடந்து போக வேண்டிய ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸிடம், கப்பலையும் ஆட்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன், வழிக்கு வேண்டிய உணவை நீ தயார்செய் என்று வேலையைப் பங்கிடுகிறாள். பைலோஸ் நகர் வரை கூடவே போகிறாள். அங்கே முதியவர் நெஸ்டரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, பெரியவரைக் கேள்வி கேட்பது இளையவனுக்குக் கூச்சமாக இருக்காதா என்று அவன் தயங்குகிறான். அவனுக்காக அவள் பேசிவிடவில்லை. சிலவற்றை நீயே யோசிப்பாய், சிலவற்றைத் தெய்வம் உணர்த்தும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடக்கிறாள். அவன் பேசுகிறான். அடுத்த பயணம் ஸ்பார்ட்டாவுக்கு. அதற்கு அவள் போவதில்லை. நெஸ்டரின் இளைய மகன் பைசிஸ்ட்ராட்டஸ் தேரில் துணைக்குப் போகிறான். 22ஆம் காண்டத்தில், ஊர் திரும்பிய ஒடிசியஸ் பெனலோப்பியை மணக்க வந்தவர்களோடு அரண்மனையில் சண்டையிடும்போது மீண்டும் மென்டர் உருவில் வருகிறாள். அப்போதும் வெற்றியை உடனே அள்ளிக் கொடுப்பதில்லை. தந்தையும் மகனும் தங்கள் வலிமையைக் காட்டட்டும் என்று குருவி வடிவெடுத்து உத்தரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

இந்தக் கதாபாத்திரத்தை ஆலோசகராக ஐரோப்பா முழுவதும் பரப்பியது 1699இல் வெளியான 'டெலிமாக்கஸின் சாகசங்கள்' என்ற பிரெஞ்சு நூல். எழுதிய பெனலோன், பதினான்காம் லூயி மன்னரின் பேரனுக்கு ஆசிரியராக இருந்தவர். நல்லாட்சி எது, ஆடம்பரம் ஏன் நாட்டைக் கெடுக்கும் என்று அவருடைய மென்டர் பக்கம் பக்கமாக உபதேசிக்கிறார். மென்டர் என்றாலே அறிவுரை சொல்பவர் என்ற எண்ணம் வேரூன்றியதில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு ஹோமரின் மென்டரே மேலானவராகத் தெரிகிறார். பேச்சு குறைவு, செய்தது அதிகம்.

இன்று அந்தப் பெயர் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மென்டர் என்றே ஒரு நகரம் இருக்கிறது. 1981இல் ஆரெகனில் தொடங்கிய மென்டர் கிராஃபிக்ஸ் நிறுவனம் சில்லு வடிவமைப்பு மென்பொருளில் பெயர் பெற்று, 2017இல் சீமென்ஸ் கைக்குப் போனது. 2021 டி20 உலகக் கோப்பைக்கு இந்திய அணியின் மென்டராக தோனியை நியமித்தபோது, பயிற்சியாளர் ஏற்கெனவே இருக்க இவர் எதற்கு என்று டீக்கடை வரை விவாதம் நடந்தது. 2005இல் இருந்து நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்தில், திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்க வருபவருக்குத் துணையாக அந்த மென்பொருளை உருவாக்கும் குழுவைச் சேர்ந்த மென்டர் இருப்பார். இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களுக்கு வழிகாட்டத் தேசிய அளவில் மென்டர் இயக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்கிறது. பெயர் இவ்வளவு பரவிவிட்டதால், ஒவ்வோர் இடத்திலும் எதிர்பார்ப்பு வேறாக இருக்கிறது. அதனால்தான் முதல் வேலை இது.

ஒப்புக்கொள்வதற்கு முன்

உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு திறமையைப் பழக்க வேண்டுமா, பொதுவாக அந்தத் துறையில் கால் ஊன்ற உதவ வேண்டுமா? எத்தனை மாதங்கள்? முக்கியமாக, அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் உங்களுக்குப் பங்கு உண்டா? உண்டு என்றால், முடிந்தவரை இந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். மதிப்பெண் போடுகிறவரிடம் எவரும் தன் குழப்பத்தை முழுதாகக் காட்ட மாட்டார். குழப்பத்தைப் பார்க்காமல் உங்களால் உதவ முடியாது.

நேரம் ஒதுக்க முடியாது என்று தெரிந்தால் மறுத்துவிடுங்கள். இதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் இளம்பருவத்தினருக்குப் பெரியவர்களைத் துணை சேர்க்கும் ஒரு பழைய திட்டத்தை ஆராய்ந்து, ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகள் அதிகப் பலன் தந்தன. சில மாதங்களிலேயே முறிந்த உறவுகளில் இருந்த பிள்ளைகள் சில அளவுகளில் முன்பு இருந்ததைவிடக் கீழே போனார்கள். அரைகுறையாகச் செய்யும் உதவி, உதவி இல்லாததைவிட மோசமாகலாம். வயது வந்தவர்களிடம் அதே அளவு பாதிப்பு இருக்கும் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது; ஆனாலும் நான் இதை ஓர் எச்சரிக்கையாகவே கொள்கிறேன்.

முதல் சந்திப்பு

உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் இடமல்ல இது. நான்கு விஷயங்களை முடிவுசெய்தால் போதும். ஆறு மாதம் கழித்து அவர் தானாகச் செய்ய விரும்பும் ஒரு காரியம் என்ன. எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் சந்திப்பது. இடையில் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் அழைக்கலாமா, செய்தி அனுப்ப வேண்டுமா. பேசுவதில் எவை வெளியே போகக் கூடாது. இவற்றை அவரையே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதியது அவருடைய ஒப்பந்தம் என்ற உணர்வு வரும். நீங்கள் சொன்னதில் எது அவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியும்.

"தமிழ் இலக்கியத்தில் இருந்து வந்தேன், நிரலாக்கம் எனக்கு வருமா" என்பது போல ஒரு பயத்தை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், உடனே ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். எந்த வேலையை நினைக்கும்போது அந்தப் பயம் வருகிறது என்று கேளுங்கள். பதிலில் முதல் மாதத்துக்கான பாடத்திட்டமே கிடைத்துவிடும்.

"உங்களுக்குப் பார்த்துக் கற்பது வசதியா, கேட்டுக் கற்பது வசதியா" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். பயிற்சி வகுப்புகளில் அது இன்னும் ஓயாமல் கேட்கப்படுகிறது. ஆளுக்கொரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் தலைமையிலான உளவியலாளர்கள் 2008இலேயே காட்டிவிட்டார்கள். எப்படிக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கும். தையலைக் கண்ணால் பார்க்க வேண்டும்; உச்சரிப்பைக் காதால் கேட்க வேண்டும்.

அவர் எங்கே நிற்கிறார்

இந்தப் படியில் அவசரப்படுகிற மென்டர்கள்தான் அதிகம். கற்பவரின் பட்டத்தையும் தன்விவரக் குறிப்பையும் வைத்து ஓர் அளவை மனதில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 37 வயதில் காசநோயால் இறந்தவர். அவர் விட்டுச்சென்ற ஓர் எடுத்துக்காட்டை மென்டராகும் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். இரண்டு சிறுவர்களைச் சோதிக்கிறோம். இருவரும் தாமாக எட்டு வயதுக்குரிய கணக்குகளைப் போடுகிறார்கள். வழக்கமான தேர்வு அத்தோடு நின்று, இருவரும் சமம் என்று சொல்லிவிடும். இப்போது இருவருக்கும் ஒரு குறிப்பு, ஒரு முன்மாதிரி, ஒரு வழிநடத்தும் கேள்வி என்று சிறு உதவி தருகிறோம். ஒருவன் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கு வரை போய்விடுகிறான். மற்றவன் ஒன்பதோடு நின்றுவிடுகிறான். அப்படியானால் இவர்கள் சமமா? தானாகச் செய்ய முடிவதற்கும், துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள இந்தப் பரப்பை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். கற்பித்தல் பலிப்பது அங்கேதான். அதற்குக் கீழே சொல்லிக்கொடுத்தால் சலிப்பு. மேலே போனால் திகைப்பு.

அந்த மண்டலத்தைக் கண்டுபிடிக்க நேர்காணல் பயன்படாது. உண்மையான ஒரு சிறு வேலையைக் கொடுங்கள். மென்பொருள் துறை என்றால், பதிவாகியிருக்கும் பிழைகளில் எளிதான ஒன்று. பத்திரிகை அலுவலகம் என்றால், நானூறு சொல் செய்திக்குத் தலைப்பும் முதல் பத்தியும். பள்ளி என்றால், ஒரே ஒரு பாடவேளைக்கான திட்டம். பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள். எங்கே தயங்குகிறார், எதைத் தேடுகிறார், எதைத் தேடாமல் ஊகிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுதாக நின்றுவிட்டால் மிகச் சிறிய உதவியில் தொடங்குங்கள். முதலில் "இப்போது என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்?" என்ற கேள்வி. பலிக்கவில்லையா, கவனிக்க வேண்டிய இடத்தைச் சுட்டுங்கள். அதுவும் போதவில்லையா, அதே மாதிரியான வேறொன்றைச் செய்துகாட்டுங்கள். எந்த அளவு உதவியில் அவர் மீண்டும் நகர்ந்தார் என்பதே நீங்கள் தேடிய விடை. அடுத்த நான்கு வாரங்களுக்கான வேலைகளை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

மனதுக்குள் நடப்பதை வெளியே சொல்லுங்கள்

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். 120 பாட்டுகளில் சரியாகச் சொன்னது மூன்றைத்தான். தட்டுகிறவரின் தலைக்குள் பாட்டே ஒலிக்கிறது. எதிரில் இருப்பவருக்கோ வெறும் 'டக் டக்'. அனுபவசாலி "இதை இப்படிச் செய்துவிடுங்கள்" என்று சொல்லும்போதும் இதுதான் நடக்கிறது.

சிந்திக்கும் வேலையையும் ஒரு தொழிலைப் போலப் பக்கத்தில் இருந்து பழகுவது என்று சொல்லத்தக்க ஒரு முறையை ஆலன் காலின்ஸ், ஜான் சீலி பிரவுன், சூசன் நியூமேன் மூவரும் 1989இல் வகுத்தார்கள். தச்சரிடம் பழகும் பையன் உளி போகும் திசையைக் கண்ணால் பார்க்கிறான். எழுதுவதிலும் கணக்கிலும் நோய் கண்டறிவதிலும் வேலை தலைக்குள் நடப்பதால், பார்க்க எதுவும் இல்லை. ஆகவே அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வாதம். செய்முறை எளிது. வாரத்துக்கு ஒருமுறை, நீங்கள் முன்கூட்டிப் பார்த்திராத ஒரு சிக்கலை எடுத்து, அவர் முன்னால் வாய்விட்டு யோசித்தபடியே தீருங்கள். "இந்தப் பதிவேட்டை முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் நேற்று வரை சரியாக ஓடியிருக்கிறது, அப்படியானால் நேற்று மாறியது என்ன?" என்ற மாதிரி. முன்கூட்டிப் பார்த்திராதது என்பதில் உறுதியாக இருங்கள். விடை தெரிந்த சிக்கலில் நீங்கள் காட்டுவது நேர்ப்பாதை. தெரியாத சிக்கலில்தான் எப்போது ஒரு வழியைக் கைவிடுகிறீர்கள் என்பது தெரியும். அவர் கற்க வேண்டியது அதுதான்.

எதை முதலில் தருவது

நாம் பொதுவாக ஒரு வேலையின் முதல் கட்டத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறோம். லைபீரியாவின் தையற்காரர்களிடம் மானுடவியலாளர் ஜீன் லேவ் கண்டது நேர்மாறானது. அங்கே பழகுநர்கள் முதலில் பொத்தான் தைக்கிறார்கள், ஓரம் மடிக்கிறார்கள், துணியைத் தேய்க்கிறார்கள். பிறகு துண்டுகளை இணைத்துத் தைக்கிறார்கள். துணியை வெட்டுவது கடைசி. வெட்டில் பிழை செய்தால் துணியே வீண். பொத்தானில் பிழை என்றால் பிரித்துத் தைத்துவிடலாம். அதோடு, முடிந்த ஆடையைக் கையில் வைத்துப் பழகியவனுக்கு, வெட்டும் நாளில் எந்தத் துண்டு எங்கே போய்ச் சேரும் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் இதைக் கோட்பாடாக்கினார்கள். கற்பது என்றால் ஒரு தொழிற்கூட்டத்தின் விளிம்பில் உண்மையான உறுப்பினராகச் சேர்ந்து, மெல்ல நடுவுக்கு நகர்வது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து தொழிற்கூட்டங்களில் ஒன்று எதிர்மறை எடுத்துக்காட்டு: அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளின் இறைச்சி வெட்டுநர்கள். பழகுநர்களை இறைச்சியைப் பொதியும் எந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். வெட்டும் மேசை அவர்கள் கண்ணில் படுவதில்லை. வேலை நடந்தது, கற்றல் நடக்கவில்லை.

உங்கள் இடத்திலும் அந்த மேசை இருக்கிறது. புதியவர் எந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை, எந்த மின்னஞ்சல் தொடரில் இல்லை என்று பாருங்கள். வாடிக்கையாளரோடு நடக்கும் உரையாடலில் பேசாமல் உட்கார்ந்திருக்க இடம் வாங்கிக்கொடுங்கள். சிறு வேலையைக் கொடுப்பதில் குற்றமில்லை. அந்த வேலை முழுமையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், மற்ற பகுதிகள் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சாரம் கட்டுவதும் அவிழ்ப்பதும்

கட்டடம் கட்டும்போது சவுக்குக் கட்டைகளால் சாரம் கட்டுகிறோம் இல்லையா, அதே பெயரைத்தான் கல்வியாளர்களும் இந்த உதவிக்கு வைத்திருக்கிறார்கள். 1976இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 30 குழந்தைகளிடம் 21 மரத்துண்டுகளைக் கொடுத்து ஒரு கூம்பகத்தை அடுக்கவைத்தார்கள். அருகில் இருந்த பெரியவர் என்ன செய்தார் என்பதைக் கவனித்து ஆறு பணிகளைப் பட்டியலிட்டார்கள். ஆர்வத்தை இழுத்துப் பிடிப்பது, வேலையைச் சுருக்கிக் கொடுப்பது, குறிக்கோளில் இருந்து விலகாமல் பார்ப்பது, முக்கியமானதைச் சுட்டுவது, எரிச்சலைத் தணிப்பது, செய்துகாட்டுவது.

புதிய மென்டர்களுக்கு ஆறில் கைவராதது இரண்டாவது. வேலையைச் சுருக்குவது என்பதை, கடினமான பகுதியைத் தானே செய்துவிடுவது என்று புரிந்துகொள்கிறார்கள். அது சாரம் ஆகாது. சுருக்குவது என்றால் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளைக் குறைப்பது. இளம் நிருபர் ஒருவர் முதல் விசாரணைக் கட்டுரையை எழுதுகிறார் என்று வையுங்கள். யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, எப்படி வரிசைப்படுத்துவது, எந்த நடையில் எழுதுவது என்று எல்லாம் ஒன்றாக அவர் தலையில் விழுந்தால் மூச்சு முட்டும். பார்க்க வேண்டியவர்கள் பட்டியலை நீங்கள் கொடுங்கள். கேள்விகளை அவர் எழுதட்டும். அடுத்த கட்டுரைக்குப் பட்டியலையும் அவரே போடட்டும். நீங்கள் விடுபட்டவரை மட்டும் சொல்லுங்கள். மூன்றாவதில் முடிந்த பிறகு பாருங்கள்.

அவிழ்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கநிலையாளருக்குப் படிப்படியான விளக்கமும் தீர்த்துக்காட்டிய மாதிரிகளும் மிகவும் உதவும். அதே விளக்கம் ஓரளவு தேறியவருக்குச் சுமையாகி, கற்பதையே தாமதப்படுத்தும். ஸ்லாவா கல்யுகாவும் ஜான் ஸ்வெல்லரும் சக ஆய்வாளர்களும் 2003இல் பல சோதனைகளைத் தொகுத்து இதை நிறுவினார்கள். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: போன மாதம் நான் செய்துகொண்டிருந்த எந்த உதவியை இந்த மாதம் நிறுத்தியிருக்கிறேன்? பதில் எதுவும் இல்லையென்றால் கட்டைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள்.

கருத்துச் சொல்லும்போது

செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் எப்போதும் நல்லதே நடக்கும் என்று நம்பியிருந்தவர்களை, ஆவ்ரஹாம் குளூகரும் ஏஞ்சலோ டினிசியும் 1996இல் திடுக்கிட வைத்தார்கள். முந்தைய ஆய்வுகளில் இருந்து 607 விளைவுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்ததில், சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் விளக்கம். திட்டு மட்டுமல்ல, "நீங்கள் பெரிய கெட்டிக்காரர்" என்ற புகழ்ச்சியும் அதே வேலையைச் செய்யலாம்.

எனவே ஆளை விட்டு வேலையைப் பேசுங்கள். "அவசரப்பட்டுவிட்டீர்கள்" என்பதற்குப் பதில், "மூன்றாவது பத்தியில் வரும் தொகைக்கு ஆதாரம் இல்லை, யாரிடம் கேட்டால் கிடைக்கும்?" என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ போதும். பதினைந்து சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும் தாளில் எது பெரிய பிழை, எது சில்லறை என்று புதியவருக்குத் தெரியாது. சொன்ன பிறகு அதே வேலையை மீண்டும் செய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும். திருத்தும் வாய்ப்பில்லாத கருத்து வெறும் தீர்ப்பு.

சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடம் அவருடையது. அன்று நடந்ததை, குறிப்பைப் பார்க்காமல் அவர் சொல்லட்டும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் செய்த சோதனையில், பாடத்தை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். சொல்லி முடித்ததும், இதை வேறு எங்கே பயன்படுத்தலாம் என்று ஒரு கேள்வி. அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், பொதுவிதி காணுதல், மறுபடி முயன்று பார்த்தல் என்று டேவிட் கோல்ப் 1984இல் வரைந்த சுழற்சியின் நடுப்பகுதி இந்தப் பத்து நிமிடத்தில் நடந்துவிடும்.

மனம் தளரும் வாரம்

அது வராமல் இருக்காது. பெரும்பாலும் தொடக்க உற்சாகம் வடிந்து, வேலையின் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரியும்போது வரும். "உங்களால் முடியும்" என்று சொல்லத் தோன்றும். சொல்லுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் வெல்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் வலிமையானது முதலாவது. வாய்ச்சொல் அதன் அருகில்கூட வராது.

ஆகவே தளர்ந்தவருக்கு வெறும் ஊக்கப் பேச்சோடு நிறுத்த வேண்டாம்; கையில் இருக்கும் வேலையில் இரண்டு நாளில் முடிக்கக் கூடிய ஒரு துண்டை வெட்டிக் கொடுங்கள். முடித்ததும் அது உண்மையில் பயன்பட்ட இடத்தைக் காட்டுங்கள். அடுத்து, அவரைவிட ஓராண்டு மட்டும் மூத்த ஒருவரோடு ஒரு தேநீர் நேரம். இருபது ஆண்டு அனுபவம் உள்ள நீங்கள் அவருக்கு மலை உச்சி. சென்ற ஆண்டு இதே இடத்தில் தடுமாறி இன்று தேறி நிற்பவர்தான் அவருக்குத் தன்னைப் போன்றவர். பைலோஸில் இருந்து டெலிமாக்கஸோடு நெஸ்டரின் மகன் பைசிஸ்ட்ராட்டஸ் போனது இதற்காகத்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வீட்டில் ஏதாவது சிக்கலா என்பதும் நான்காவது ஊற்றில் சேரும். கேட்பதில் தவறில்லை. உங்கள் கைக்கு மீறிய துயரம் என்று தெரிந்தால், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போகத் துணை செய்யுங்கள். அந்த வேடத்தை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்.

விலகும் காலம்

அலுவலக மென்டர் உறவுகளைப் பக்கத்தில் இருந்து ஆராய்ந்த கேத்தி கிராம் 1983இல் அவற்றுக்கு நான்கு பருவங்களைக் கண்டார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை. மூன்றாவதில்தான் உரசல் வருகிறது. கற்பவர் உங்கள் யோசனையைக் கேட்காமலே ஒரு முடிவு எடுப்பார். அது உங்கள் வழியாக இருக்காது. சில சமயம் உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும். இதை நன்றிகெட்டதனமாக எடுத்துக்கொண்டு உறவைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இத்தனை மாதம் நீங்கள் பாடுபட்டதே அவர் அந்த முடிவை எடுக்கத்தான்.

பிரிவைத் தற்செயலுக்கு விட வேண்டாம். கடைசி இரண்டு மாதம் வாரச் சந்திப்பை மாதச் சந்திப்பாக்குங்கள். அவர் செய்தி அனுப்பியதும் பதில் அனுப்பாமல் அரை நாள் விட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் "நானே கண்டுபிடித்துவிட்டேன்" என்று இரண்டாவது செய்தி வரும். உங்களுக்குத் தெரிந்த ஆட்களில் யாரிடம் எந்தச் சந்தேகத்துக்குப் போகலாம் என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள். முதல் சந்திப்பில் அவர் எழுதி அனுப்பிய பக்கத்தை எடுத்து இருவரும் பாருங்கள். நிறைவேறாதது இருந்தால், அதை யாரிடம் கற்பது என்று பேசுங்கள். உங்களிடம் எது உதவியது, எது உதவவில்லை என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து உங்களிடம் வருபவருக்கு அது பயன்படும். அவரைவிட இளையவர் ஒருவர் சேர்ந்திருந்தால், அந்தப் புதியவருக்கு முதல் வாரத்தில் அலுவலகத்தைச் சுற்றிக்காட்டும் வேலையை இவரிடமே கொடுத்துவிடுங்கள்.